பல்கனியில் கொதித்த கேத்தல்

“கேத்தல் எங்கை?”

சோலோதுர்ன் நகரத்தில் அந்த இரண்டாம் மாடி வீட்டின் குசினிக்குள் கால் வைத்ததும் அரசரத்தினம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சுஜீவா சுவரைக் காட்டினாள். மின்செருகியில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளைக் கட்டை பொருத்தியிருந்தது. அதன் முகத்தில் ‘சுகம்’ என்று எழுதியிருந்தது. ஆனால் அதில் எந்த வயரும் இல்லை.

“அது கட்டை. நான் கேட்டது கேத்தலைத் தங்கச்சி.”

“இஞ்சதான் எங்கையும் இருக்கும் அண்ணை.” அவள் ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை இன்னொரு தடவை துடைத்தாள்.

அரசரத்தினம் இருபது வருசம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மற்றவர்களுடைய பொய்யை மொழிபெயர்த்துக் களைத்துப்போய், அதைக் கண்டுபிடிக்கிற தொழிலுக்கு வந்தவர். அவருடைய கார், கமெரா, வாய் மூன்றுக்கும் பொறுப்பு சந்திரமதி. முப்பது வயது. சம்பளம் குறைவு என்பதால் கதைப்பதில் அதை ஈடுகட்டிக்கொள்வாள்.

“அண்ணை, கேத்தலைக் காணேல்லை எண்டு பொலிசில குடுப்பமோ? அடையாளம் கேப்பினம். மூக்கு நீளம் எண்டு சொல்லலாம்.”

“வாயை மூடிக்கொண்டு கதவைத் திற.”

“எந்தக் கதவு?”

“பல்கனிக் கதவு.”

வில்லங்கம் இதுதான். இந்த வீட்டில் தனியாக இருந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா. வயது எழுபது, சீனி வியாதிக்குக் குளிசை போடுகிற சலரோகக்காரர். நேற்று வெள்ளிக்கிழமை மாலை இந்தக் குசினி நிலத்தில் நினைவில்லாமல் கிடந்தார். காலையும் மாலையும் வந்து பார்க்கிற பராமரிப்புக்காரி சுஜீவாதான் கண்டு அம்புலன்சைக் கூப்பிட்டாள். ஐயா இன்னும் கண் விழிக்கவில்லை. காலையிலேயே விழுந்திருக்கிறார், பகல் முழுக்க நிலத்தில் கிடந்திருக்கிறார் என்று டொக்டர் சொன்னார்.

ஆனால் ஜெனீவாவில் இருக்கிற மகள் ஜெனனியின் கைபேசியில் நேற்றுப் பகலெல்லாம் பச்சை எரிந்திருக்கிறது.

அந்த வெள்ளைக் கட்டையின் வேலை அதுதான். கேத்தலின் வயரை அதில் செருக வேண்டும். கேத்தல் கொதித்தால் கட்டை இணையத்தில் செய்தி அனுப்பும். தூரத்தில் இருக்கிற பிள்ளையின் கைபேசியில் பச்சை எரியும். அப்பா தேத்தண்ணி போட்டிட்டார், அப்பா சுகம். நேரத்துக்குக் கொதிக்காவிட்டால் சிவப்பு எரியும், பிள்ளை போன் எடுக்கும்.

நிலத்தில் கிடக்கிற மனுசன் தேத்தண்ணி போட மாட்டான். அப்படியென்றால் போட்டது யார்? வீட்டுத் திறப்பு கையில் இருந்த வேறு ஒரே ஆள் சுஜீவா. காலையில் அவர் விழுந்து கிடந்ததைக் கண்டு பயந்து, சிவப்பு எரியாமல் இருக்க இடைக்கிடை வந்து கேத்தலைக் கொதிக்க வைத்து ஏமாற்றியிருக்கிறாள் என்று ஜெனனி பராமரிப்பு நிறுவனத்துக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை விசாரணை. மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்த சுஜீவாவுக்கு இந்த வேலையைக் காட்டித்தான் போன வருசம் வதிவிட அனுமதியான பி விசா கிடைத்தது. வேலை போனால் விசாவும் ஆடும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அதனால்தான் அவள் அரசரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

வீட்டைப் பார்க்க அவர் திறப்புக் கேட்டபோது ஜெனனி மறுக்கவில்லை. “வடிவாப் பாருங்கோ. பாத்தா உங்களுக்கும் விளங்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பல்கனியில் பனிமூட்டம் கையால் பிடிக்கலாம் போலத் தொங்கியது. மூலையில் முடிச்சுப் போட்ட பெரிய பிளாஸ்ரிக் பை ஒன்று. சந்திரமதி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மீன் சட்டி, இறைச்சி வெட்டும் பலகை, முட்டை பொரிக்கிற தாச்சி. அவற்றுக்கு மேலே, வயர் சுற்றியபடி, உள்ளே முட்டை ஓட்டுத் துண்டு ஒட்டிய கேத்தல்.

“ஆளைப் பிடிச்சாச்சு” என்றாள் சந்திரமதி. “கூட்டாளிகளோட ஒளிச்சிருந்திருக்கிறார்.”

அரசரத்தினம் பையைத் தூக்கச் சொன்னார். குனிந்து நிலத்தைத் தடவினார். முழங்கால் முறிந்தது போல ஒரு சத்தம் கேட்டது.

“செவ்வாய்க்கிழமை என்ன காலநிலை?”

“நல்ல மழை. என்ர சப்பாத்து இன்னும் காயேல்லை.”

“அதுக்குப் பிறகு வெயிலைக் கண்டனியோ?”

“இந்த மாசத்தில சோலோதுர்னிலயோ? வெயில் வேணுமெண்டா மலைக்கு மேல எங்கடினுக்கு ரெயில் ஏறோணும்.”

“பல்கனி முழுக்க ஈரம். பைக்குக் கீழ மட்டும் சீமெந்து காய்ஞ்சு கிடக்கு, தொட்டுப் பார். மழைக்கு முதலே வைச்ச பை இது. பிறகு ஒருத்தரும் அசைக்கேல்லை.”

சந்திரமதி தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“அப்ப நேற்றுக் கொதிச்ச கேத்தல்?”

“பல்கனியில பைக்குள்ள இருந்தபடி கொதிச்சிருக்கு.”

உள்ளே சுஜீவா கதிரையில் இருந்துவிட்டாள். ஏன் ஐயா கேத்தலைக் கொண்டுபோய் வெளியே வைத்தார் என்று அரசரத்தினம் கேட்டார். தெரியாது என்றாள். நாளுக்கு இரண்டு தடவை வருகிற ஆள் கேத்தல் இல்லாததைக் காணவில்லையா என்று கேட்டார். அவள் கைத்துணியை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த ஜெனனிக்குப் போன் எடுத்தார்.

“உங்கட போனில இந்தக் கிழமைப் பச்சையளைப் பாருங்கோ பிள்ளை. நேரத்துக்கு வெளியில, வழமையில்லாத ஒரு பச்சை இருக்கோ?”

ஜெனனியின் குரல் களைத்து, கூராக இருந்தது. “அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இருக்கோ இல்லையோ?”

“புதன் சாமத்தில ஒண்டு எரிஞ்சது. அப்பாவுக்கும் நித்திரை வரேல்லைப் போல எண்டு நினைச்சன்.”

“அப்பாவுக்கும் எண்டா?”

“போன கிழமை நான் லீவில வந்து அங்க நிண்டனான். எனக்குப் புது இடத்தில நித்திரை வராது. எழும்பிக் கோப்பி போட்டனான்.”

“எந்த நாள்?”

“புதன்...” அவள் நிறுத்தினாள். கைபேசியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னாள். “அதே நேரம். நிமிசமும் அதே.”

“மற்ற நாளுகளையும் போன கிழமையோட ஒத்துப் பாருங்கோ. கட்டையை நான் கழட்டிக் கொண்டு போறன். சரியோ?”

“என்னவும் செய்யுங்கோ” என்றாள். இந்தமுறை குரலில் கூர் இல்லை.

காரில் இப்போது இருவர்தான். சுஜீவாவை ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் ஏற்றிவிட்டிருந்தார்கள். கட்டை அரசரத்தினத்தின் மேலங்கிப் பைக்குள் கிடந்தது. கிரெங்கன் வீதிக்குத் திரும்பியதும் சந்திரமதி வாயைத் திறந்தாள்.

“அண்ணை, மச்சச் சட்டியெல்லாம் வெளியில. முட்டை அவிச்ச கேத்தலும் வெளியில. இந்தக் கிழமை கந்தசஷ்டி. மனுசன் விரதம்.”

“ஓம்.”

“சும்மா விரதமில்லை. தேத்தண்ணியும் இல்லாமல், மிளகும் பச்சைத் தண்ணியும்.”

“ஓம்.”

“சலரோகக்காரன்.”

“ஓம்.”

“நாளுக்கு ரெண்டுதரம் போற அக்காவுக்கு அது தெரியாமல் இருக்குமோ?”

“தெரியும். அதைத்தான் அவ இன்னும் சொல்லேல்லை.” அவர் கண்ணாடியைத் துடைத்தார். “கேத்தல் கொதிக்கேல்லை எண்டு காட்டினா அவ தப்புவா. ஏன் கொதிக்கேல்லை எண்டு கேட்டா மாட்டுவா.”

“அப்ப நாங்கள் காப்பாத்துறமோ, குழி வெட்டுறமோ?”

சந்திரமதி வேகத்தைக் குறைத்தாள். அந்த வீதியில் கமெரா இருப்பது அவளுக்குத் தெரியும்.

கிரெங்கனில் பழைய கடிகாரத் தொழிற்சாலை ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். மூன்றாவது துண்டில் ‘சுகம்’ கொம்பனி. அதன் சொந்தக்காரன் சிந்துஜன், இங்கே பிறந்த பிள்ளை, முப்பதைத் தாண்டவில்லை. மேசையில் காய்ந்த பீட்சா. சுவரெல்லாம் வெள்ளைக் கட்டைப் பெட்டிகள். பெரிய திரையில் சுவிஸ் வரைபடம். ஜெனீவாவிலிருந்து எங்கடின் வரை பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு.

“சிவப்பே இல்லையே தம்பி” என்றாள் சந்திரமதி. “எங்கட சனம் இவ்வளவு சுகமா இருக்கிறதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

சிந்துஜன் சிரிக்க முயன்றான். “நல்லா வேலை செய்யுது அக்கா. அங்கிள், அந்த ஐயாவின்ர கதை கேள்விப்பட்டன். கவலைதான். ஆனா எங்கட கட்டை பிழை விடாது.”

“விடாது எண்டுதான் நானும் நினைக்கிறன்” என்றார் அரசரத்தினம். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “ஐயாவின்ர புள்ளி எது?”

சிந்துஜன் சோலோதுர்னில் ஒரு புள்ளியைப் பெரிதாக்கினான்.

“இப்ப பின்னேரம் மூண்டாகப் போகுது. போன சனிக்கிழமை மூண்டு மணிக்கு ஐயா தேத்தண்ணி போட்டவராம், மகள் பாத்துச் சொன்னவ. கொஞ்சம் பொறுப்பம்.”

“ஐயா ஆஸ்பத்திரியிலதானே அங்கிள்?”

“பொறு தம்பி.”

பொறுத்தார்கள். கீழே வீதியில் ஒரு லொறி பின்னுக்கு வந்து நின்றது. சிந்துஜனின் ஒரு கை தானாக விசைப்பலகைக்குப் போனது. சந்திரமதி அந்தக் கைக்கு முன்னால் பீட்சாப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். “சாப்பிடும்” என்றாள்.

திரையில் புள்ளி மினுங்கியது. பக்கத்தில் ஒரு வரி விழுந்தது. கேத்தல் கொதித்தது. எல்லாம் சுகம்.

அரசரத்தினம் மேலங்கிப் பைக்குள் கைவிட்டு வெள்ளைக் கட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பின்பக்கத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா என்ற பெயர் ஒட்டியிருந்தது.

“கட்டை என்ர சட்டைப் பைக்குள்ள. கேத்தல் பல்கனியில. மனுசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில. இப்ப தேத்தண்ணி போட்டது ஆர் தம்பி?”

சிந்துஜன் கட்டையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“ரெண்டு கிழமைக்குத்தான் அங்கிள்” என்றான் கைக்குள்ளிருந்து. “ரெண்டே கிழமைக்கு.”

பிறகு கதை வந்தது, உடைந்த குழாயில் தண்ணீர் வருவது போல, விட்டு விட்டு.

“கட்டையை நாங்கள் விக்கிறது ஒருக்கா. ஆனா அது கதைக்கிறது சாகுமட்டும். அது கதைக்கிறதைக் கேக்க, சேர்த்து வைக்க, போனுக்கு அனுப்ப ஒரு மென்பொருள் பிளாட்போம் வேணும். அது எங்கடை இல்லை, வாடகைக்கு எடுக்கிறது. தொடங்கேக்க சும்மா தந்தாங்கள். கட்டை கூடக் கூட, கட்டைக்கு இவ்வளவு எண்டாங்கள். பிறகு ஒவ்வொரு செய்திக்கும் இவ்வளவு எண்டாங்கள். இந்த மாசம் புது ஒப்பந்தம். விக்கிற காசு முழுக்க அங்கதான் போகுது.”

“ஒவ்வொரு கதைக்கும் காசோ?” என்றாள் சந்திரமதி. “என்ர மாமியை அதில பூட்டியிருந்தா கொம்பனியை ஒரு நாளில மூடியிருப்பீர்.”

“வேற பிளாட்போமுக்கு மாறுறதுதானே?” என்று அரசரத்தினம் கேட்டார்.

“மாறேலாது. அவங்கட பூட்டு ஒவ்வொரு கட்டைக்குள்ளயும் இருக்கு. எல்லா வீட்டுக் கட்டையையும் திருப்பி எடுத்துத் திறக்கோணும். நானே சொந்தமா ஒரு சேர்வர் கட்டிக்கொண்டிருக்கிறன். அது முடியுமட்டும்...”

“வாங்கின ஆக்களிட்டை மாசம் மாசம் கேட்டிருக்கலாமே.”

சிந்துஜன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “எங்கட சனத்திட்டயோ அங்கிள்? கோயில் திருவிழாவில கடை போட்டுத்தான் வித்தனான். மாசக்காசு எண்டு சொன்ன உடன கட்டையைத் திருப்பி வைச்சிட்டுப் போட்டினம். ஒருக்காக் குடுத்தா சாகுமட்டும் இலவசம் எண்டு பனர் அடிச்சன். ஒரே நாளில எல்லாம் முடிஞ்சுது. எல்லாரும் கெட்டிக்காரன் எண்டாங்கள். அம்மா அர்ச்சனை செய்தவ.”

“அதால கட்டையின்ர வாயைக் கட்டிப்போட்டாய்.”

“ஞாயிறு தொடக்கம் கட்டைகள் செய்தியைத் தங்களுக்குள்ள சேர்த்து வைக்கும். கிழமைக்கு ஒருக்காத்தான் அனுப்பும். இடையில போனில காட்டுறது போன கிழமைக் கணக்கு. வயசான ஆக்களுக்குப் பழக்கம் மாறாது அங்கிள். அதே நேரம் எழும்புவினம், அதே நேரம் தேத்தண்ணி. பிழைக்காது எண்டு நினைச்சன்.”

அரசரத்தினம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“இண்டைக்குச் சூரன்போர். ஆறு நாளா விரதம் இருக்கிற வயசான சனம் எத்தினை பேர்? இந்தப் பச்சையில எத்தினை வீட்டில கேத்தல் பல்கனியில? எத்தினை பேர் நிலத்தில?”

சிந்துஜன் கதிரையை விசைப்பலகைக்குக் கிட்ட இழுத்தான்.

“நிப்பாட்டு. எல்லாருக்கும் உண்மையைப் போடு. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடு. முதல் போன் ஜெனனிக்கு.”

“கொம்பனி முடிஞ்சுது அங்கிள்.”

“ஓம்” என்றார் அவர்.

சிந்துஜன் ஏதோ தட்டினான். ஜெனீவா பக்கத்திலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகின. சந்திரமதி ஒரு பகிடியும் விடவில்லை. அவளுடைய தாயும் தூன் நகரத்தில் தனியாகத்தான் இருக்கிறாள். கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில் சுஜீவா சுவரோரக் கதிரையில் இருந்தாள். அரசரத்தினம் நடந்ததைச் சொன்னார். கேத்தலை அவள் தொடவில்லை என்பது இனிக் கல்லில் எழுத்து. அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“மச்சச் சட்டியையும் கண்டனீங்கள்தானே?”

“கண்டன்.”

“ஐயா என்ர கையைப் பிடிச்சு முருகன் படத்தில வைச்சவர். மகளுக்குச் சொல்லிப்போடாதை, சொன்னா நேர்த்தி பழுதாப்போகும் எண்டவர். கல்யாணம் முடிச்சு ஒன்பது வருசம் அண்ணை, அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை இல்லை. சஷ்டி பிடிச்சாக் கிடைக்கும் எண்டு... நான் எப்பிடிச் சொல்லுறது? சாமிக்கு வைச்ச நேர்த்தி.”

“உங்கட ஒப்பிசுக்கு என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?”

“சாப்பிட்டார் எண்டு அடிச்சன். அஞ்சு நாளும்.”

சந்திரமதி கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இது எங்களோட இருக்கட்டும். அண்ணை உங்கட ஆள். ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

அரசரத்தினம் ஆமென்று தலையை ஆட்டவுமில்லை, இல்லையென்று அசைக்கவுமில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெனனி வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். நேரே சுஜீவாவிடம் வந்து கையைப் பிடித்தாள்.

“சிந்துஜன் எடுத்தவர். எல்லாம் சொன்னவர். அக்கா, நான் உங்களைக் கொலைகாரி மாதிரி நினைச்சிட்டன். முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன். திங்கக்கிழமை நானே வந்து உங்களுக்காகக் கதைக்கிறன்.”

முடிந்தது. வேலை இருந்தது, விசா இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

ஜெனனி பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தாள். “டொக்டர்மாருக்குத்தான் விளங்கேல்லை. ஒழுங்காச் சாப்பிடுற மனுசனுக்கு ஏன் சீனி இப்பிடி அடியில போனது எண்டு கேக்கினம். உள்ளுக்குள்ள வேற வருத்தம் இருக்கோ எண்டு தேடினம். புது மருந்து ஒண்டு தொடங்கப் போகினமாம்.”

சுஜீவா தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் ஜெனனியின் கைக்குள் இருந்தது. மெல்ல அதை வெளியே எடுத்தாள்.

“தங்கச்சி, ஐயா ஒழுங்காச் சாப்பிடேல்லை.”

“என்ன?”

“சஷ்டி விரதம். மிளகும் தண்ணியும்தான். எனக்குத் தெரியும். சாப்பிட்டார் எண்டு ஒப்பிசுக்கு அடிச்சது நான்தான். சலரோகக் குளிசையை வெறும் வயித்தில காலமை எடுத்துக் குடுத்ததும் நான்தான். தண்ணியோட விழுங்கினவர்.”

நடையில் யாரோ சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெனனி அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் வந்து, போய், வேறு ஏதோ வந்தது.

“ஏன்?” என்றாள் கடைசியில். “இந்த வயசில, இந்த வருத்தத்தோட, அப்பாவுக்கு அப்பிடி என்ன நேர்த்தி?”

“அதை ஐயா கண் முழிச்ச பிறகு கேளுங்கோ. அது அவர் சொல்லவேண்டியது.”

ஜெனனி எழுந்தாள். கதவுவரை போனாள். கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பாமல் நின்றாள்.

“திங்கக்கிழமை நான் வருவன் அக்கா. ஆனா பொய் சொல்லமாட்டன். கேத்தலையும் சொல்லுவன், விரதத்தையும் சொல்லுவன்.”

“ரெண்டையும் சொல்லுங்கோ.”

“வேலை போகும்.”

“ஓம்.”

ஜெனனி கதவைத் திறந்து பிடித்தாள். “இப்ப வாங்கோ. எத்தினை குளிசை, எத்தினை மணிக்கு எண்டு டொக்டருக்கு நீங்கள்தான் சொல்லோணும். எனக்குத் தெரியாது.”

சுஜீவா எழுந்தாள். பாவாடைச் சுருக்கை இரண்டு கையாலும் நீவிவிட்டு, திறந்த கதவுக்குள் போனாள்.